இடப்பக்கம் திருப்பி, என் பக்கம் இழு

வால்பரைசோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள் நான்.
நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து
இருபது டன் பெட்டியை லாரிமேல் வைப்பேன்.
கீழே லாரிக்காரன் ரொட்டி கடித்துக்கொண்டிருப்பான்,
வைத்தது அவனுக்குத் தெரியாது.

அந்தக் கைக்குத்தான்
நாலே கியர் உள்ள பழைய சிட்ரோனேட்டா
பெப்பே காட்டியது.

குச்சி தரையில் இல்லை.
டேஷ்போர்டுக்குள் யாரோ குடையைச் செருகிவிட்டு
மறந்துபோன மாதிரி
பிடி மட்டும் வெளியே.
விற்ற எலெயுதெரியோ
மருந்துக்கடை ரசீதின் பின்புறம் ஒரு படம் கீறி
சாவியோடு தந்துவிட்டு
பஸ் ஏறிப் போய்விட்டார்.
அம்புகள் இருந்தன.
எந்த முனை என் பக்கம், எது கண்ணாடிப் பக்கம்
என்று எழுதவில்லை.

அர்ஜென்டினா அவென்யூ. சிக்னல். பச்சை.
கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது:
இடம், முன்னே.
மற்ற வண்டிகளில் முதல் கியர் குடியிருக்கும் மூலை அது.
இதில் அங்கே ரிவர்ஸ்.
முன்னே பார்த்தபடியே
பின்னே போனேன்,
நேராக ஒரு மீன் வண்டிக்குள்.

இறங்கி வந்தவன் பம்பரைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
மடியில் இருந்த ரசீதைப் பார்த்தான்.
"முதல் கியர் எங்கே?"
"அதைத்தான் தேடுகிறேன்."
அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.
தெருவில் விழுந்த ஒரு மெர்லூசாவை
நாய் யாரையும் கேட்காமல் கவ்விக்கொண்டு போயிற்று.

அப்புறம் ராத்திரிகளில், போர்வைக்குள்,
திருப்பு, இழு. நேராக்கு, தள்ளு. இழு.
வலம் திருப்பு, தள்ளு.
பதினேழாம் நாள் வந்துவிட்டது, யோசிக்காமல்.

பதினெட்டாம் நாள் கிரேன் கூண்டில்
வலக்கை நெம்பை இடப்பக்கம் திருகப் பார்த்தது.
பெட்டி ஒரு சாண் ஆடியது.
கீழே ரமீரோ நிமிர்ந்தான்,
மஞ்சள் தொப்பி, அதற்குள் ஒரு முகம்.
அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஷிப்ட் முடியும்வரை
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரே கைக்குள் இரண்டு பேர் குடித்தனம்.
அடுத்த நாளிலிருந்து
கூண்டில் ஏறுமுன் வலக்கைக்கு மட்டும் உறை போட்டேன்.
அதைக் கழற்றினால்தான் அது காருக்குச் சொந்தம்.

இதை வரைந்தவன் கணக்கு இப்போது புரிகிறது.
முதல் என்பது கிளம்ப ஒரே ஒரு தரம்;
இரண்டும் மூன்றும்தான் நாளெல்லாம் வேண்டும்,
அதனால் அவை ஒரே நேர்கோட்டில்,
முதல் ஓரத்தில்.
நல்ல கணக்குத்தான்.
மேடே இல்லாத ஊர்க்காரனாக இருக்க வேண்டும்.
எங்கள் பிளாசெரெஸ் குன்றில்
முக்குக்கு முக்கு நின்று, முக்குக்கு முக்கு கிளம்பி,
கடல்மூட்டத்தில் பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க,
அவன் ஓரங்கட்டியதையே
ஒன்பது தரம் கூப்பிட்டால்தான்
வீடு.

போன ஞாயிறு அக்காவின் சுசுகியை ஓட்டினேன்.
முதல் திருப்பத்திலேயே கை நேராகப் போய்
ரேடியோவைப் பிடித்து,
திருப்பி, இழுத்தது.
குமிழ் கையோடு வந்துவிட்டது.

அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.
என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.