பதினொரு விநாடி

பினாங்குப் பாலத்தில் மாலை நெரிசல்.
பின்னிருக்கைப் பையன்
தன் கைப்பேசியைக் கார் ஸ்பீக்கரில் இணைக்கலாமா அக்கா என்றான்.
ஐந்து நட்சத்திரத்துக்காக எதையும் பொறுப்பவள் நான்.
ம் என்றேன்.

முதல் டிரம் அடியிலேயே தெரிந்துவிட்டது.

ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி, பதினொன்றாம் தளம்.
மின்தூக்கி எட்டோடு நின்றுவிடும், மிச்சம் கால்கள்.
அங்கேதான் அண்ணன் நாகேந்திரன்
மூன்று மைலோ டின்னும் ஒரு பிஸ்கட் மூடியும் வைத்துக்கொண்டு
உலகத்தோடு சண்டை போட்டான்.
கீழ்வீட்டு ஆ சூன் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார்.
அதையும் தாளத்தில் சேர்த்துக்கொள்வான்.

நீண்ட முடிக்காரர்களைத்
தொலைக்காட்சியில் காட்டக்கூடாதென்ற வருடம் அது.
அண்ணனின் முடி இடுப்பைத் தொட்டது.
அம்மா கத்தரிக்கோலை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தாள்,
தன் கையே தனக்குப் பயமாக இருக்கிறதென்று.

வானொலியிலிருந்து பிடித்த பாட்டு.
ஒலிநாடாவின் இரண்டாம் பக்கம், நான்காவது.
விடியாத இருட்டில், கேட்பதற்கென்று நினைத்து
பதியும் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டேன்.
பதினொரு விநாடி அழிந்தது.
அந்த இடத்தில்
மின்விசிறியின் கிறீச், அண்ணனின் தூக்கக் குரல்:
"பாப்பா, மணி என்ன?"
"அஞ்சே முக்கால்."
டொக்.
பிறகு பாட்டு, ஒன்றுமே நடக்காததுபோல.

அண்ணன் மன்னித்தான் என்று நினைக்காதீர்கள்.
மூன்று நாள் பேசவில்லை.

ஆறு மணிக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்து.
பக்கத்தில் ரொஸ்மாவாத்தி, ஆளுக்கொரு காது.
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை
நுண்ணோக்கியில் குனிந்து ஒட்டும் பன்னிரண்டு மணி நேரமும்
அந்த டிரம் தலைக்குள் ஓடும்.
ஆங்கிலம் பாதி புரியாது.
உச்சத்தில் அவன் கத்துவது
"ஏன், விடு... ஏன், விடு..." என்றே கேட்டது.
மேற்பார்வையாளர் திட்டிய நாளிலும்
அப்பா திரும்பாத மாதத்திலும்
அதையே முணுமுணுத்தேன்.
ரொஸ்மாவாத்தியும் முணுமுணுத்தாள், என் தமிழில்.
அவன் உண்மையில் என்ன பாடினான் என்று
இன்றுவரை தேடிப் பார்க்கவில்லை.

பாலத்தின் நடுவில் அந்த இடம் வந்தது.
மின்விசிறி வரவில்லை.
கிட்டார் ஒன்று தனியே இறங்கி வந்தது,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
தூங்குகிறவர்களைத் தாண்டி நடப்பதுபோல.
இத்தனை வருடம் இது
எங்கள் குரலுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

"அஞ்சே முக்கால்" என்றேன், வாய்விட்டு.

"இல்லக்கா, ஏழு பத்து" என்றான் பையன்.

அழகான கிட்டார்தான். ஆனாலும்
யாரோ என் வீட்டில் புதிதாய் ஓர் அறை கட்டிவிட்டு
முதலிலிருந்தே இருந்தது என்று
சாவியை நீட்டுவதுபோல் இருந்தது.
நாடா எப்போதோ பூஞ்சணம் பிடித்துப் போயிற்று.
நீ எதற்காக வாழ்ந்தாய் என்று எவராவது கேட்டால்
போட்டுக் காட்ட என்னிடம் இருந்தது அந்தக் கிறீச் ஒன்றுதான்.

பிறையில் பையன் இறங்கினான்.
பெட்ரோல் நிலையத்தின் ஓரம் நிறுத்தி
சிங்கப்பூருக்கு அழைத்தேன்.
அண்ணனுக்கு இடது காது போய்விட்டது.
டின் அடித்ததால் அல்ல,
கப்பல் பட்டறையில் இருபது வருடம் துரு தட்டியதால்.
முடியும் இல்லை, அது தானாகவே போனது.

"நம்ம பாட்டுல அழிஞ்ச இடம், இன்னைக்குக் கேட்டேன்."
"என்ன? சத்தமாச் சொல்லு."
"கிட்டார்! அங்க கிட்டார் வருது!"
பக்கத்துப் பம்ப்பில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.
"பாடிக் காட்டு" என்றான்.

ஐம்பத்திரண்டு வயதில்
ஸ்டீயரிங்கில் விரல் தட்டித் தட்டி
டூ டூ டூடு டூ என்று
ஒரு கிட்டாராக இருக்க முயன்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
போனை நல்ல காதுக்கு மாற்றும் சரசரப்பு.

"மெதுவாப் போற பாப்பா" என்றான்.
"இன்னும் கொஞ்சம் வேகம்."