பதினொராம் துளை

கரடிப்போக்குச் சந்திக்குத் தெற்கே
ஏழு மீற்றர் கீழே
கழிவுநீர்ச் சுரங்கம் போகவேண்டிய கோட்டில்
சோதனைக் கம்பியை நிறுத்தினோம்.
சம்மட்டியைத் தூக்கவேயில்லை.
தன் பாரத்திலேயே இறங்கிப் போனது கம்பி,
தயிர்ச் சட்டிக்குள் அகப்பை மாதிரி.
அடி எண்ணிக்கை: பூச்சியம்.
மதனரூபன் சிரித்தான்,
"இது நிலமில்லை அக்கா, படுத்திருக்கிற குளம்."

மதகு திறந்த மாதம்.
வாய்க்கால் ஊறி வயல் ஊறி
தார் ரோட்டுக்குக் கீழேயும்
தண்ணீர் தன்பாட்டில் நடக்கிறது.
யாழ்ப்பாணம் பஸ் போகும்போதெல்லாம்
என் தேத்தண்ணியில் வட்டம் விழுகிறது.
இந்தச் சேற்றுக்குள் குழாயைத் தள்ளினால்
மூக்குக் குத்திக் கவிழும்,
ரோட்டும் கூடவே இறங்கும்.
முதலில் சேற்றுக்கு எலும்பு வைக்கவேண்டும்:
சீமெந்துப் பால், கொஞ்சம் பென்ரோனைற்,
அழுத்தம் இரண்டு பார், அதற்கு மேல் இல்லை.

பத்துத் துளைகள் சொன்னபடி கேட்டன.
முப்பது மூட்டை, முப்பத்திரண்டு,
பிறகு மானியின் முள் எழும்பிப்
போதும் என்றது.

பதினொராம் துளை குடித்தது.
நாற்பது. எழுபது. மத்தியானச் சோறு ஆறியது.
நூற்றுப் பத்து. முள் அசையவில்லை.
கலவைக்காரப் பெடியன் என்னைப் பார்த்தான்,
நான் கணக்கைப் பார்த்தேன்,
கணக்கு எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை.

நூற்று நாற்பத்தாறில்
வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு பெண் வந்தாள்,
முழங்கை வரை சாம்பல் நிறச் சேறு.
"தங்கச்சி, உங்கட சீமெந்து
என்ர வாழைக்குக் கீழால வருது."

போய்ப் பார்த்தோம்.
வாழையடியில் நிலம் கொப்புளித்துக்கொண்டிருந்தது.
"பங்கர்," என்றாள் விமலறஞ்சினி.
"திரும்பி வந்த வருசம் மேலால மண் போட்டு மூடினது.
பனங்குற்றி உக்கியிருக்கும்.
உள்ளுக்க என்ர தையல் மெசின் கிடக்கு.
எடுப்பம் எடுப்பம் எண்டு எடுக்கேல்ல."

"உள்ளே வேறை ஏதும்..." என்று தொடங்கினேன்.
"மெசின் மட்டும்தான்,"
கேள்வி முடிய முன்னமே.

பம்பின் பிடியில் மதனரூபனின் கை நின்றது.
அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
அவள்தான் சொன்னாள்:
"நிரப்புங்கோ.
மாரிக்கு அதுக்க மாடு தாழுறது."

இருநூற்று மூன்றில் முள் எழும்பியது.
ஆழம், மூட்டை, நேரம் குறித்து
'வெற்றிடம், நிரப்பப்பட்டது' என்று எழுதினேன்.
தையல் மெசினுக்குப் பதிவேட்டில் நிரல் இல்லை.

அவள் போகாமல் நின்றாள்.
"இந்தக் குழாய் வந்தால்
என்ர கக்கூசுக்கும் ஒரு இணைப்புத் தருவியளோ?
எவ்வளவு கட்டவேணும்?"

தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
மதனரூபன் அதற்குள்
பன்னிரண்டாம் துளைக்குக் கம்பி நிறுத்தியிருந்தான்.