கண்டின்யூட்டி

பம்பாய், அந்தேரி, இரண்டாம் எண் தளம்.
உப்பும் தெர்மகோல் தூளும் கொட்டிய பனியில்
சிம்லா என்று சொல்லிக்கொண்டு
கம்பளிக்குள் வேர்த்துக்கொண்டிருக்கிறது யூனிட்.

மறக்காமல் இருப்பதற்கு எனக்குச் சம்பளம்.
எந்தக் கையால் கதவைத் திறந்தான்,
ஆஷ்ட்ரேயில் எத்தனை துண்டு,
கோப்பையில் தேநீர் எந்தப் பூவரைக்கும்,
எல்லாம் என் நோட்டில்.
மனைவியாக நடிப்பவளின் இடக்கையில்
பதினொரு வளையல்.
பன்னிரண்டாவது,
கணவனின் கோட்டுப்பையில் அவள் விரல்கள்
நைனிடாலுக்கு இரண்டு ரயில் டிக்கெட்டைத் தொட்ட காட்சியில்
மேஜை விளிம்பில் பட்டு உடைந்தது.
(நைனிடாலுக்கு ரயில் கிடையாது,
கத்கோதாம் வரைதான் என்றேன்.
யாரும் கேட்கவில்லை.)

டெல்லி விநியோகஸ்தர்கள் வந்து பார்த்தார்கள்.
முடிவு சரியில்லையாம்.
அவள் மன்னிக்க வேண்டும்,
அவன் திரும்பி வர வேண்டும்,
பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு
வெளியேற வேண்டும்.
மூன்று வாரம் கழித்து
கடைசி ரீலை மறுபடி எடுக்கிறோம்.
நடிகை கை நிறையக் கேட்கிறாள்.
"ஒரு வளையல்தானே குமுத்,
யார் எண்ணப்போகிறார்கள்?"
பதினொன்றுதான் என்றேன்.
என் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது.

ஷாட் முடிந்ததும் கேகி கையை உயர்த்துவான்.
அரை நிமிடம் யாரும் அசையக் கூடாது;
வெற்று அறையின் சத்தத்தை அவன் பதிவு செய்வான்.
டப்பிங்கில் எப்படியும் தூக்கியெறியப்படும் சத்தம்.
லைட்மேன்கள் ஏணியில் சிலையாக நிற்க,
ஹெட்போனுக்கு நடுவிலிருந்து
அவன் கண்கள் மட்டும்
என் பக்கம் நகரும்.
இவ்வளவுதான் ஆரம்பம்.
பிறகு வெர்சோவாவில் அவன் நண்பனின் அறை,
மீன் காயும் வாசனை வரும் ஜன்னல்,
செவ்வாயும் வெள்ளியும்.

திரும்பும்போது ஸ்டேஷன் கழிப்பறைக் கண்ணாடியில்
என் வேலையை நானே பார்த்துக்கொள்வேன்.
வகிட்டில் சிந்தூரம் ஒரு விரற்கடை.
முந்தானை மடிப்பு ஐந்து.
பொட்டு, புருவத்துக்கு மேல் அரிசியளவு தள்ளி.
வெட்டு விழுந்த இடமே தெரியாமல்
காலைக் குமுதோடு மாலைக் குமுதை ஒட்டி
மலாட் ஸ்லோ வண்டியில் ஏற்றி அனுப்புவேன்.

விஸ்வம்பர் நிகம், ரயில்வே கணக்குப் பிரிவு.
நாலு பைசா இடித்தால்
விடிய விடிய உட்கார்ந்து தேடுகிறவர்.
அன்று பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.
நிமிராமலே சொன்னார்:
"காலையில் ஊக்கின் வாய்
கீழே பார்த்து இருந்தது."

பம்ப் ஸ்டவ் சீறியது.
மாடிவீட்டில் யாரோ கட்டிலை இழுத்தார்கள்.
ஒரு பட்டாணி உருண்டு
பீரோவுக்கு அடியில் போவது
முழுக்கக் கேட்டது.
அரை நிமிடம் இருக்கும்.
கேகி எடுத்ததிலேயே இல்லாத சுத்தமான பதிவு.

"ரொட்டி ஆறுகிறது" என்றார்.
சாப்பிட்டோம்.

மறுநாள் செவ்வாய்.
நான் நேரே வீட்டுக்கு வந்தேன்.
அடுத்த படத்துக்கு ஒலிப்பதிவாளர் வேறு ஆள்.
கேகி ஏன் என்று கேட்கவில்லை;
கேட்கிற ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.

படம் தீபாவளிக்கு வந்தது.
ஸ்டாஃப் பாஸில் போனோம்,
அவராகத்தான் கூப்பிட்டார்.
கடைசி ரீல்.
உப்புப் பனியில் அவன் நடந்து வருகிறான்.
அவள் கதவைத் திறந்து கையை நீட்டுகிறாள்.
கைக்குட்டைகள் வெளியே வருகின்றன.
எங்களுக்கு முன்வரிசையில் ஒருத்தி
விம்மி விம்மி அழுகிறாள்.

இருட்டில் என் பக்கத்திலிருந்து,
திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்,
"பதினொன்று" என்றார் விஸ்வம்பர்.

ஆமாம் என்றேன்.
கடலை வாங்கிய காகிதத்தை
நாலாக, எட்டாக, பதினாறாக
மடித்துக்கொண்டே இருந்தார்.
அதற்குமேல் மடிபடவில்லை.
விளக்கு போட்டுவிட்டார்கள்.