பத்து மைக்ரான்

சித்திரையில் ஒரு மின்னஞ்சல் வந்தது.
'உங்கள் பாகம் புதிய வண்டியில் இல்லை.'
அவ்வளவுதான்.
பதினோரு வருடம் ஒரே ஒரு புஷ் மட்டும் கடைந்தோம்,
கட்டைவிரல் நகம் அளவு.
புதிய வண்டியில் எஞ்சினே கிடையாதாம்.
நகத்தை வைக்க விரல் இல்லை.

திம்மராயன் அன்று லேத்தை நிறுத்தவில்லை.
இருட்டும்வரை
வெறும் காற்றைக் கடைந்துகொண்டிருந்தார்.
நான் நோட்டில் எழுதினேன்:
லேத் தவணை பதினெட்டாயிரம்,
கொட்டகை வாடகை ஒன்பது,
மின்சாரம், ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம்.
வரவுப் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன்,
அதையும் பென்சிலில்.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவில் மட்டும்
நாலு ஷட்டர் இறங்கியது.
எதிர்க்கொட்டகை பசவராஜ்
மில்லிங் மிஷினை எடைக்குப் போட்டுவிட்டு
ராயக்கோட்டைச் சாலையில் பானிபூரி வண்டி தள்ளினான்.
"இதுலயும் ஓட்டைதான் போடறேன் அக்கா" என்றான்,
பூரியைக் கட்டைவிரலால் உடைத்தபடி.
சிரித்தேன்.
வீட்டுக்கு வந்த பிறகுதான் தொண்டை அடைத்தது.

நாங்களும் அலைந்தோம்.
ரோஜாப் பண்ணைக்குக் குழாய் மூட்டு:
பிளாஸ்டிக்காரன் பாதி விலைக்குத் தருகிறான்.
கேட் தாழ்ப்பாள் இருபத்தாறு போனது,
பதினெட்டுக்குத்தான் பணம் வந்தது.
தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு தேருக்கு அச்சாணி கேட்டார்கள்.
சாமி காரியத்துக்கு எப்படி பில் போடுவது?
பிரசாதம் வந்தது.

புரட்டாசியில் ஒரு நாள்
என் முறுக்குக் குழலின் அச்சு விளிம்பில் விண்டுபோனது.
சந்தையில் வாங்கிய தகரம்.
"இதையாவது கடைஞ்சு குடுங்க" என்றேன், கோபத்தில்தான்.
அவர் பித்தளையில் ஒரு வில்லை அறுத்தார்.
வெர்னியரை எடுத்தார்.
"டாலரன்ஸ் எவ்வளவு? பத்து மைக்ரான்?"
"முறுக்குக்கு மைக்ரான் எல்லாம் கிடையாது."
"எல்லாத்துக்கும் உண்டு."

இருந்தது.
முதல் அச்சில் மாவு ஏறாமல் அடைத்தது.
இரண்டாவதில் நட்சத்திரத்தின் முள் மழுங்கி
எண்ணெயில் மொட்டையாய் வெந்தது.
துளையின் உள்வாயைச் சற்றே சரித்த ஐந்தாவது அச்சில்
பிசிறில்லாமல் இறங்கி
தானே சுற்றிக்கொண்டது முறுக்கு.
முனிரத்தினம், எங்கள் ஒரே ஆள்,
இரண்டு மாதச் சம்பளம் பாக்கி உள்ளவன்,
ஒன்றைக் கடித்துப் பார்த்து
"ஓகே பீஸ்" என்றான்,
கம்பெனி இன்ஸ்பெக்டர் குரலில்.

சூளகிரி, காவேரிப்பட்டினம், பர்கூர் என்று
பலகாரம் சுடும் பெண்களின் வாட்ஸப் குழுக்களுக்கு
என் அடுப்பங்கரைப் புகையோடு ஒரு வீடியோ போனது.
தீபாவளிக்குள் அறுநூற்றுப் பத்து அச்சு.
தவணை கட்டினோம். வாடகையில் பாதி.
முனிரத்தினத்துக்கு ஒரு மாதம் கொடுத்து
இன்னொன்று தையில் என்றோம்.
தலையாட்டினான்.
எந்தத் தை என்று கேட்கவில்லை.

தீபாவளி முடிந்தது.
வாங்கியவர்கள் யாரும் திரும்ப வரவில்லை.
பித்தளை அச்சு உடையாது,
அதுதான் அதில் குற்றம்.

இப்போது இடியாப்பத்தை யோசிக்கிறார்.
நூற்றெட்டுத் துளை, ஒரு மில்லிமீட்டர்.
இரவு பதினொன்றுக்கு எழுப்பி
"கேழ்வரகு மாவு எவ்வளவு இழுக்கும்?" என்கிறார்.
எனக்கு எப்படித் தெரியும்?
விடியட்டும்.
வெந்நீர் ஊற்றிப் பிசைந்துதான் பார்க்க வேண்டும்.