பத்துக் கேள்வி, ஆறு கட்டம்

எர்ஸுரூமில் இன்றிரவு கழித்தல் இருபத்து நான்கு.
ரேடியேட்டர் மேல் யாருடைய காலுறையோ
காய்ந்து முறுகிக் கிடக்கிறது.
என் மேசையில் இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்,
செவிலியர் துறை, நான்கு ஆண்டு மாணவிகளும்.
பேராசிரியை சொல்லிவிட்டார்:
திங்கட்கிழமைக்குள் எண்ணாகிவிட வேண்டும்
அத்தனை பேர் தூக்கமும்.

ஒன்று என்றால் அறவே இல்லை.
ஆறு என்றால் ஆமாம், ஆமாம், அது நானேதான்.

கைப்பேசி கையில் இல்லாவிட்டால் இருப்புக்கொள்ளாது: ஆறு.
மணிக்கட்டு வலிக்கிறது: ஐந்து.
நினைத்ததைவிட அதிக நேரம் பார்த்துவிடுகிறேன்:
ஆறைச் சுற்றி வட்டம், வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம்,
பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று.

அவர்கள் எழுதும்போது நான் அங்கேதான் நின்றிருந்தேன்.
கடைசி வரிசையில் ஒருத்தி
மடியில் வெளிச்சத்தை ஒளித்துக்கொண்டு
ஒரு கண் அதிலும் ஒரு கண் தாளிலுமாக
எல்லாக் கேள்விக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று
மளமளவென இறங்கி வந்தாள்.
பொய்யைப் பதிய என் அட்டவணையில் பத்தி கிடையாது.

பெயர் எழுத வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தும்
பெங்கிசு என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால்
என்னையே கேள்வி கேட்டிருக்கிறாள் ஒருத்தி:
"படுக்கும் நேரம் என்றால் எது?
பதினொன்றரைக்கு விடுதியில் விளக்கணைத்துவிடுவார்கள்.
அப்போதே ஆறு பேரும் படுத்துவிடுவோம்,
ஆறு போர்வைக்குள் ஆறு மீன்தொட்டி.
அதற்கும் தூக்கத்துக்கும் நடுவே நான்
யாரோ ஒருத்தியின் கல்யாணத்தை முழுசாகப் பார்த்து
கேக் வெட்டும்வரை இருந்துவிட்டுத்தான் வருவேன்.
இதை எந்தக் கட்டத்தில் போட?"

பத்துப் படிவத்துக்கு ஐந்து நிமிடம் என்று
எனக்கு நானே அனுமதி கொடுத்திருந்தேன்.
சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து
தேநீரை அதன் வழியே உறிஞ்சுவது இந்த ஊர்ப் பழக்கம்.
ஒரு கட்டி கரைவதற்குள் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.
எங்கோ ஒரு ஆள் சோப்பைச் சதுரம் சதுரமாக
வெட்டிக்கொண்டிருந்தான்.
அவன் வெட்டி முடித்தபோது மணி மூன்றே கால்.
வாயில் இனிப்பு இல்லை. கோப்பை ஆறியிருந்தது.
என் வயது முப்பத்தொன்று; என்னை யாரும் கணக்கெடுக்கவில்லை.

நூற்று முப்பத்தொன்பது.
இவளும் பெயர் எழுதியிருக்கிறாள். ருவெய்தா.
சொந்த ஊர் மாலத்யா.
இரவில் விழித்துக் கைப்பேசியைப் பார்ப்பதுண்டா:
ஆறு. பேனா அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது.
கீழே, கேட்காத விவரம்:

"நாலு பதினேழுக்கு.
அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு தினமும்.
அண்ணன் கன்டெய்னர் வீட்டிலிருந்து அனுப்புவான்:
இருக்கியா.
நான் அனுப்புவேன்: இருக்கேன்.
பிறகு திரும்பிப் படுத்துக்கொள்வோம்.
அவனுக்கு உடனே தூக்கம் வந்துவிடும்,
எனக்குத்தான் வராது. வராததால்
காலை வகுப்புவரை எதையாவது பார்ப்பேன். எதையாவது."

கூட்டினேன். ஐம்பத்தொன்று.
அளவுகோலின்படி இவள் அடிமை.
ஐம்பத்தொன்று என்று அடித்தேன். அழித்தேன்.
அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு
இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன்.
பிறகு ஐம்பத்தொன்றையே அடித்தேன்,
திருத்துவதற்கு எனக்குச் சம்பளமில்லை.
குறிப்புகள் என்ற பத்தியைப் புதிதாகத் திறந்து
"இருக்கேன்" என்று மட்டும் போட்டேன்.
பேராசிரியை கேட்பார். கேட்கட்டும்.

கண் எரிகிறது. ஜன்னலுக்கு வெளியே
பனி குவிந்த சைக்கிள்கள், உப்புத் தூவிய பாதை,
எதிரே மாணவிகள் விடுதி.
நாலு பதினாறுவரை எழுந்து நிற்கவில்லை.
பதினேழுக்கு நின்றேன்.
மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் நீலமானது.
அவள் அறைதானா என்று தெரியாது.
அந்த விடுதியில்தான் இருக்கிறாளா என்பதே தெரியாது.
இரண்டாம் மாடியிலும் ஒன்று நீலமாகத்தான் இருந்தது,
நான் பார்க்கத் தொடங்கும் முன்பிருந்தே.

நூற்று நாற்பது.
பெயரில்லை. எல்லாவற்றுக்கும் ஒன்று.