உப்புக்கோடு

ப்லோவ்திவ் பேருந்து நிலையத்தின் பின்வாசலில்
காலை ஏழே முக்காலுக்குப் பதினோரு தலைகள்.
எண்ணிவிட்டேன்.
இன்னொரு முறையும் எண்ணுவேன்:
போன மாதம் ஒரு பெல்ஜியக்காரரைப்
பெட்ரோல் பங்க்கில் விட்டுவிட்டுப் போய்விட்டோம்.

க்ரும் வண்டியை எடுக்கிறார்.
வளைவுகளில் அவர் பேசமாட்டார்.
மலை முழுக்க வளைவுகள்தான்,
ஆகவே ஒன்பது வருடமாகியும்
அவர் குரல் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

மைக்கைத் தட்டுகிறேன்.
என் பெயர் ஸ்லாத்தினா.
வலப்பக்கம் புகையிலை, இடப்பக்கம் மூடிய ஈயச் சுரங்கம்.
வயிற்றைப் புரட்டுகிறவர்கள் முன்சீட்டுக்கு வரலாம்.

பத்தரைக்கு சிவ்தோல் பள்ளத்தாக்கு.
சொல்லி முடிப்பதற்குள் சாலை விளிம்பு தீர்ந்துபோகிறது.
பாறை வாய் பிளந்து நிற்க
அடியில் ஆறு,
தையற்காரர் தோளில் போட்ட அளவுநாடா.
எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.
வெளுத்த கை, சிவந்த கை, மோதிரக் கை.
இங்கே நான் அரை நிமிடம் பேசுவதில்லை.
அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

பிறகு, எதிர்ச்சுவரில்
மேலிருந்து கீழாக ஓர் வெள்ளைக்கோடு தெரிகிறதா?
உப்பு வியாபாரி ஒருவனின் கோவேறு கழுதை
அங்கே கால் இடறி விழுந்தது.
மூட்டை கிழிந்து உப்பு வழிந்த தடம் அது.
இன்றும் ஆடுகள் வந்து அந்தப் பாறையை நக்கும்.

இந்தக் கதையை நான்தான் கட்டினேன்.
மூன்று வருடம் முன்பு, மூடுபனி நாள்,
பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் கஞ்சி நிரம்பியிருந்தது.
காசு கொடுத்துப் புகை பார்க்கவா வந்தோம் என்று
டென்மார்க்கிலிருந்து வந்த ஒன்பது முகங்கள்.
என் வாய் தானாகத் திறந்துகொண்டது.
தெரியாத கோட்டைக் காட்டினேன்,
தெரிகிறது தெரிகிறது என்றார்கள்.
வண்டியில் ஏறும்போது க்ரும்
அந்த வருடத்தின் நீண்ட வாக்கியத்தைப் பேசினார்:
"பொய்தான், ஆனால் கழுதை நல்ல கழுதை."

மதியம் கோர்னோ ப்ரேசே கிராமம்.
கற்பலகைக் கூரைகள், ஒரு மினாரெட்,
ட்ராக்டர் மீது தூங்கும் பூனை.
ஃபிக்ரியே வீட்டில் சாப்பாடு, பேசி வைத்தது,
தலைக்குப் பதினெட்டு லெவா.
ஊதாப்புள்ளி மொச்சை மண்சட்டியில் வருகிறது.
தயிர், ரொட்டி, பச்சை வெங்காயம்.
ஒரு வாய் வைத்ததும் மேசை அமைதியாகிறது.
ஜெர்மன்காரர் என்னைப் பார்க்கிறார்.
நான் சட்டியைப் பார்க்கிறேன்.
உப்பு இல்லை.
உப்புச்சாடியும் இல்லை.

அடுப்படிக்குப் போய் மெதுவாகக் கேட்டேன்.
ஃபிக்ரியே கரண்டியை வைத்துவிட்டு
என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இன்றைக்குத்தானே தோர்ச்சோ விழுந்த நாள்."
"யார் தோர்ச்சோ?"
"கழுதைதான். எங்கள் வீட்டுக்காரரின்
பூட்டனாருடைய கழுதை.
அந்தக் குளிர்காலம் ஊரே உப்பில்லாமல் தின்றது.
இத்தனை பேரைக் கூட்டிவருகிறாய்,
தேதி தெரியாதா உனக்கு?"

கதைக்குப் பெயர் வைக்க மறந்திருந்தேன்.
தேதியும் வைக்கவில்லை.
குளிர்காலம் அதற்குள் இருக்கும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் கண்ணில் சிரிப்பைத் தேடினேன்.
வெங்காயம் அரிந்த ஈரம்தான் இருந்தது.
ஜன்னலோரம் தேன் ஜாடிகள்,
ஒவ்வொன்றின் மீதும் ஒட்டிய தாளில்
மூட்டை சுமந்த ஒரு கழுதை,
பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்தது, காது மட்டும் பெரிது.

உப்பிட்டவரை நினைப்பது உலக வழக்கம்.
இந்த ஊர் கொட்டிப்போன உப்பை நினைக்கிறது.

மேசைக்குத் திரும்பினேன். பதினோரு கரண்டிகள் காத்திருந்தன.
தொண்டையைச் செருமிக்கொண்டு
முதன்முறையாக அந்தக் கழுதையைப்
பெயர் சொல்லி அழைத்தேன்.

ஜெர்மன்காரர் கரண்டியை எடுத்தார்.
பின் ஒவ்வொருவராக.
வாசலில் நின்ற க்ரும்
தொப்பியைக் கழற்றியிருந்தார்.
வெயிலுக்காகவும் இருக்கலாம்.