பணகுடிக் காற்று

"கசடு தட்டுத வேலையே கிடையாதுக்கா"
மிக் மெஷினைத் தடவிக் காட்டினார்
வண்ணார்பேட்டைக் கடைக்காரர்.
கை அரித்தது.
"எந்த ஊருக்கு?"
"பணகுடி."
விலைச்சீட்டை மடக்கிவிட்டார்.

ஆனிக் காற்று
கொடியில் கிடக்கும் சேலையையே
கேட்காமல் கொண்டுபோகும்.
சிலிண்டர் வாயுவையா விட்டுவைக்கும்?
உருகின இரும்பு வெறுங்காற்றை விழுங்கி
புற்றுப்புற்றாய் ஓட்டை விழும்.

மலையடியில் அத்தனை காற்றாடி சுற்றியும்
சாயங்காலம் என் வீட்டு வோல்ட் முள்
நூற்றெண்பதைத் தாண்டாது.
அதற்கும் தாக்குப்பிடிக்கும் என்றார்கள்,
ஆர்க் இன்வெர்ட்டர் ஒன்று,
ஆட்டுக்குட்டிக் கனம்,
மடியில் வைத்தே பஸ்ஸில் வந்தேன்.

முதல் வேலை
ஸ்டெல்லா டீச்சர் வீட்டு கேட்.
தெருவில் நின்றே பற்றவைத்தேன்.
கசடைத் தட்டினால்
தையல் கொஞ்சம் கோணல்,
ஓட்டை இல்லை.

தாழ்ப்பாள் வைக்கத்தான் மறந்திருந்தேன்.
ராத்திரி முழுக்க
திறந்து திறந்து சாத்திப் பார்த்தது காற்று.